கால் நக்கும் புல்

லாண்டரிக்காரி வீட்டு முன்தோட்டத்துப் புல் ஆட்களின் காலை நக்க ஆரம்பித்தது, குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் என்றான கோடையில்தான். அதற்கு முன் அங்கே கம்பளம்போல் சீமைப் புல்தரை இருந்தது. குடம் குடமாகக் குடித்துப் பழகியது, தண்ணீர் நின்றதும் கருகிப்போனது. பஸ் டிரைவரான அவள் புருஷன், தன் வண்டி போகும் பொட்டல் மேட்டிலிருந்து நாட்டுப் புல்லைத் தூர்தூராகப் பெயர்த்து வந்து சரளைக்கு நடுவே நட்டான். உரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. இடுப்புயரம் வளர்ந்து வெங்காயத்தோல் நிறத்தில் கதிர்விட்டது. எதைக் குடித்து வளர்கிறதென்று முதலில் கண்டவர், செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற தபால்காரர். "ஐயோ, கூசுதும்மா!" என்று துள்ளினார். புல் அவர் கால் வியர்வையைக் குடித்தது.

லாண்டரிக்காரிக்குக் குமட்டியது. ஊரார் அழுக்கை வெளுத்து வெளுத்து, காலர் கறையைக் கண்டாலே ஓங்கரிப்பவள். புருஷனின் சாக்ஸை இடுக்கியால்தான் எடுப்பாள். அந்த நாற்றம் தாங்காமல் கல்யாணமான மறுவருஷமே அவன் கட்டிலை முன்னறைக்குத் தள்ளியிருந்தாள். இப்போதோ, வேலை முடிந்ததும் அவன் புல்லுக்குள் நாற்காலி போட்டுக் காலை நீட்டிவிடுவான். சளப் சளப்பென்று கன்றுக்குட்டி பால் குடிப்பதுபோல் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் அவன் சாப்பாட்டுத் தட்டு வெளியே போனது. பின்னாலேயே தலையணையும் போனது.

"சீ, எச்சில் புல்லு! உள்ள வாங்க. நாளைக்கே புடுங்கி எறியறேன்."

"எறி. அது போற பொட்டலுக்கே நானும் போயிடறேன். அது ஒரு நாளாவது என்னைப் பாத்து மூஞ்சியச் சுளிச்சுதா?"

மறுநாள் மண்வெட்டியோடு இறங்கினாள். காலைக் கழுவிக்கொள்ளலாம், செருப்பில் எச்சில் பட்டால் போகாதென்று வெறுங்காலோடு இறங்கினாள். புல் அவள் குதிகாலை ஒருமுறை நக்கியது. உடனே நுரைநுரையாகத் துப்பியது. தூர்கள் எல்லாமே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டன.

எதிர்வீட்டுத் தையற்காரி மெஷினை நிறுத்தினாள். "என்னக்கா, புல்லுக்கே உங்களைக் கண்டா குமட்டுதா?"

லாண்டரிக்காரி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். ஒருத்தர் தன்னைப் பார்த்து முகம் சுளித்தால் எப்படியிருக்கும் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. அந்த வாரம் முழுக்க அவள் காலில் சோப்புப் போடவில்லை. ரப்பர் பூட்ஸுக்குள் வேக வேக நின்று வெளுத்தாள். தன் நாற்றத்துக்குத் தானே மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு சாயங்காலம் அவன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டாள். புல் சற்று யோசித்தது. அப்புறம் நக்கியது.

"கூசுதா?" என்றான்.

"கொமட்டுது" என்றாள், காலை எடுக்காமல்.

கட்டில் உள்ளறைக்குத் திரும்பியது. சாக்ஸை இன்றும் இடுக்கியால்தான் எடுக்கிறாள். அந்த வருஷம் கதிர்கள் கூடுதலாகவே விட்டன. கிட்டே போனால் லேசாகச் சோப்பு வாசனை வரும்.