ஊதாத் துணி கட்டிய பீர்க்கங்காய்

நாளைக் காலையில் தச்சர் வருகிறார். வீட்டின் பின்சுவரோரமாகக் கைப்பிடிக் கட்டை அடித்துவிட்டால், என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். அதற்குள் தோட்டத்தைக் காலி செய்தாக வேண்டும். எப்படியும் காய்ப்பு ஓய்ந்துவிட்டது. இலையெல்லாம் பழுத்துச் சருகாகிக் கிடக்கிறது.

இவரை நாற்காலியோடு பின்வாசலில் உட்கார வைத்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ரிட்டயர் ஆனதும் மண்வெட்டியைப் பிடித்தார். என்னை மட்டும் உள்ளே விடமாட்டார். "கொடிய மிதிச்சிடுவ, அங்கயே நில்லு" என்பார். எனக்கும் நல்லதாகப் போயிற்று. தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க எனக்கு ஏது நேரம்? காய் கூடையில் வரும், சமைப்பேன், அதோடு சரி.

நாலு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். "வேண்டாம்." எதைக் கேட்டாலும் அதுதான். வேண்டும் என்பதற்கும் அதுவே. "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே காபி டம்ளரைக் காலி செய்வார். "மனசுல ஒண்ணு இருக்கும், வாயில அதுதாம்மா வரும்" என்றார் டாக்டர். நானும் பழகிவிட்டேன். அது பாட்டுக்கு அது, என் பாட்டுக்கு நான்.

கத்தரியில் பாதி முற்றல், மீதி சொத்தை. தக்காளிச் செடியைப் பிடுங்கியதில் பச்சைக் காயே ஒரு வாளி தேறியது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

"ஆசை ஆசையா நட்டது நீங்க, இடுப்பொடியப் பறிக்கிறது நானா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்!"

ஒரு பக்க வாயால் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் பீர்க்கம் பந்தல். வேலிப் பக்கம் ஒரே ஒரு காய், முழங்கை நீளம், பச்சைப்பசேலென்று தொங்கியது. காம்பில் ஊதா நிறத் துணிக் கிழிசல். என் வெட்டுத் துணிகளை வைத்துத்தான் இவர் எல்லாக் கொடியையும் கட்டுவார், தோட்டம் முழுக்கத் தொங்கும். அதனால் நான் கண்டுகொள்ளவில்லை.

"வேண்டாம்."

"தெரியும், தெரியும்."

"வேண்டாம்! வேண்டாம்!"

"அட இருங்க. ஒத்தக் காய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நாளைக்குச் சமைச்சா நீங்கதான் ரெண்டு வாய் கூடச் சாப்பிடப் போறீங்க."

இடது கையால் நாற்காலியை அடித்தார். எழுந்திருக்கப் பார்த்தார். விழுந்து வைக்கப் போகிறாரே என்ற பதற்றத்தில் சட்டென்று கத்தரிக்கோலை வைத்து வெட்டி, காயைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க, ஆச்சு!"

அவர் சத்தம் நின்றுவிட்டது. வாய் மட்டும் மூடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணியை அவிழ்க்கப் போனேன். ஒரு நுனி கடிபட்டு நூல் பிரிந்திருந்தது. காலமெல்லாம் துணியோடு கிடக்கிறவளுக்கு முடிச்சைப் பார்த்தால் தெரியாதா? ஒற்றைக் கையாலும் பல்லாலும் போட்ட முடிச்சு. போன வாரம் ஊன்றுகோலோடு தனியாக வேலிவரை போய்விட்டார் என்று வீடே அதிரக் கத்தினேனே, அன்றைக்கு இதைத்தான் கட்டியிருக்கிறார்.

விதைக்காய். கொடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆட்டினால் விதை கலகலக்கும்வரை அதைத் தொடக்கூடாது. வருஷா வருஷம் ஒன்றை இப்படி விட்டுத்தான் அடுத்த விதைப்புக்கு விதை எடுப்பார். பழைய விதை ஒன்றுகூட இல்லை. காலியாகிவிட்ட விதை டப்பாவைக் கழுவி, பட்டன் போட்டு வைத்திருப்பவளே நான்தான்.

அடுத்த வருஷமும் நடப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார் மனுஷன். யாரிடமும் சொல்ல முடியாமல் காயில் கட்டி வைத்திருக்கிறார்.

அவசரமாகக் காயைப் பிளந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பிஞ்சு விதை. நகம் பட்டதும் தண்ணீராகக் கசிந்தது.

"தெரியாம வெட்டிட்டேங்க. கடையில நல்ல விதையா வாங்கிக்கலாம், சரியா?"

"வேண்டாம்" என்றார், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாலு மாதத்தில் இவர் நிஜமாகவே மறுத்தது எத்தனை? முடிவெட்டுகிறவர் மீசையை மழித்தபோது சொன்னார். "சுத்தமா இருக்குங்க" என்று நான் கண்ணாடியைக் காட்டினேன். டிப்போ ஆட்கள் பார்க்க வந்தபோது சொன்னார். அவர்களை உட்காரவைத்து டீ போட்டேன். வீடியோ காலில் மகள் அழுதபோது சொன்னார். போனை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டுவிடலாம் என்று அவர் காலடியில் உட்கார்ந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கட்டும் என்று காத்திருப்பவர்போல. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.