பேப்பர் கப் முகங்கள்

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், டீக்கடை வாசலில் கிடந்த பேப்பர் கப்புகளைப் பொறுக்கி, எச்சிலில் இருந்த டிஎன்ஏவை வைத்து, குடித்தவர்களின் முகங்களைக் கணித்துச் செய்திருந்தாள் சென்னைச் சிற்பி அனுசுயா. ஊர்ப் பெரிய வீட்டு முகப்பில் அவை வரிசையாகத் தொங்கின. மேலே ‘ஊரின் முகம்’ என்று எழுதியிருந்தது.

பெத்தன் பார்த்துக்கொண்டே நடந்தான். எல்லாம் அவன் தெருச் சனங்களின் சாடை.

“ஏன் எல்லாம் ஒரே சாடையா வந்துச்சுன்னுதான் புரியல” என்றாள் அனுசுயா.

“ஊர்க்காரவுகளுக்குக் கண்ணாடி கிளாஸும்மா, கழுவி வச்சிருவாக. எங்க தெருவுக்கு மட்டுந்தேன் தூக்கிப் போடுற கப்பு.”

அவள் நிமிர்ந்து, மேலே எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

அதற்குள் டீக்கடைக்காரர் வந்து, ஒரு முகத்தோடு கன்னம் உரச நின்று செல்பிக்குச் சிரித்தார். “பெத்தா, அங்குட்டுத் தள்ளி நில்லு. படத்துல விழுகுற.”