முந்நூற்றுப் பன்னிரண்டாவது நேயர்

“இனிமே இந்த வீட்டுல உன் குரல் கேக்கக் கூடாது.”

“எங்கப்பா கேக்கக் கூடாது? ஹால்லயா, சமையல்கட்டுலயா, தோட்டத்துலயா? தெளிவா சொல்லிடுங்க.”

“எங்கயுமே!”

“சரிப்பா.”

பல்செட்காரருக்கும் அவருடைய ஒரே மகளுக்கும் நடந்த கடைசிப் பேச்சு இதுதான். மூன்று வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, தோட்டத்தில் கிடந்த தகர வாளி அவள் குரலில் வணக்கம் சொன்னது. அன்று தக்காளி விலை ஒரேயடியாக ஏறியிருந்ததால் தெருவில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வாளியைப் பற்றிய பேச்சு வியாழக்கிழமைதான் தொடங்கியது.

மகளைத் தெருவே வாயாடி என்றுதான் கூப்பிட்டது. அந்த வாயை வளர்த்தவர் அவரேதான். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. புதுப் பல்செட்டை மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ‘தச்சன் சந்தையில் தொலைத்த சுத்தியலைத் தானே தேடித் தந்தான்’ என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். தகரமும் சகரமும் பல்லை நம்பிப் பிறக்கிற எழுத்துகள். அவை கணீரென்று வந்தால் செட் பொருந்திவிட்டது. புஸ்ஸென்று காற்றுப் போனால் மறுபடி அரத்தைக் கையில் எடுக்க வேண்டியதுதான். கூச்சப்படுகிறவர்களுக்காக நாலு வயது மகள் ஸ்டூலில் ஏறி நின்று முதலில் சொல்லிக் காட்டுவாள். பதினைந்து வருடம் அப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் பேச்சு கழுவித் துடைத்த பீங்கான்போல ஆகிவிட்டது. தன் பக்கத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டு, வாசல் பலகையில் இரண்டு பெயர் எழுதுவதுதான் அவருடைய திட்டம். அவளோ இருபத்து நாலு வயதில் மெழுகையும் அச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, ரேடியோவில் பேசப்போகிறேன் என்றாள். பேசுவதெல்லாம் ஒரு வேலையா என்று அவர் கேட்டார். அதன் பிறகு நடந்ததுதான் மேலே சொன்னது.

வேறொரு நகரத்தில், ஒரு சலவைக்கடையின் மாடியில் ஒற்றை அறை எடுத்து, இணையத்தில் சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் தொடங்கினாள். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அவளே பேசுவாள், பாட்டுப் போடுவாள். மீதி நேரமெல்லாம் அதுவே திரும்பத் திரும்ப ஓடும். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது, “யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, என்ன வேணும்னு சொல்லுங்க” என்று தொலைபேசி எண்ணைச் சொல்லிவிட்டு, சரியாக ஒரு நிமிடம் பேசாமல் காத்திருப்பாள். அந்த ஒரு நிமிடத்தில் கீழே துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அவளுடைய அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலை. எந்தச் செய்தியும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது முப்பது வருட அனுபவத்தில் அவர் கண்டது. கணினியில் வருகிற ரேடியோவை வீட்டிலிருக்கிற சாதாரண ரேடியோவுக்குக் கம்பியில்லாமல் அனுப்புகிற ஒரு பெட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு, ரிப்பேர்கடைக்காரரை அழைத்துவந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருந்தது.

“முப்பது மீட்டர் போகும்மா. சுவரு, கதவு, செடி எதுவும் தடுக்காது. தோட்டத்துல துணி காயப்போட்டுக்கிட்டே கேக்கலாம்.”

“அவ்வளவெல்லாம் வேணாம். சமையல்கட்டு மட்டும் போதும். அதுவும் மெதுவா.”

“அது பெட்டிக்குத் தெரியாதேம்மா!”

பெட்டிக்குத் தெரியத்தான் இல்லை. முதல் மூன்று நாள் சமையல்கட்டு ரேடியோவோடு அடக்கமாக இருந்தது. நாலாம் நாள் வாளி. அதன் பிறகு செடி வெட்டும் கத்தரி, பூவாளி, துணிக் கொடியில் மாட்டிய கிளிப்புகள், கதவுக் கொண்டி, அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் என்று ஒவ்வொன்றாகப் பாடத் தொடங்கின. எல்லாம் ஒரே நிகழ்ச்சிதான், எல்லாம் அவள் பேசி நாற்பது நொடி கழித்துத்தான். பக்கத்து வீட்டுக்காரி கடன் வாங்கிப்போன மண்வெட்டி வாசல் கேட் வரைக்கும் பாடிக்கொண்டே போய், கேட்டைத் தாண்டியதும் பாதி வரியில் வாயை மூடிக்கொண்டது. முப்பது மீட்டர் அங்கே முடிகிறது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்து, சரியாகத்தான் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பல்செட்காரர் எதையும் கேட்காத பாவனையில் இருந்தார். பட்டறையில் அச்சு வார்க்கிற கிண்ணம் மகளின் குரலில் வானிலை சொல்லும்போது, அவர் அரத்தைக் கொஞ்சம் அழுத்தி ராவுவார். வந்தவர்களால் அப்படி இருக்க முடியவில்லை. “செட்டு நல்லாத்தான் இருக்குங்க, ஆனா வாயத் திறந்தா யாரோ பொண்ணு பேசுது” என்று முதலில் புகார் வந்தது. பிறகு புகார் மாறியது. “கேட்டைத் தாண்டினா பாட்டு நின்னுபோகுதுங்க. முடியுற வரைக்கும் கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேனே” என்று ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி வாயைத் திறந்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய எந்தத் தீர்ப்பையும் ஜனங்கள் அத்தனை பிரியமாகக் கேட்டதில்லை.

கடைசியாக வந்ததுதான் பெரிய சங்கடம். பல்செட்காரர் வாயில் இருப்பதும் பல்செட்தான். சைக்கிளிலிருந்து விழுந்து இருபத்தேழு வயதிலேயே மொத்தப் பல்லையும் இழந்தவர். அவர் கையால் செய்த முதல் செட் தனக்கே செய்துகொண்டது. அதற்கு அடுத்த வருடம்தான் கல்யாணம். முப்பத்தோரு வருட வாழ்க்கையில் பல் இல்லாத அவர் முகத்தை மனைவிகூடப் பார்த்ததில்லை. ஒரு புதன்கிழமை காலை, டீயில் சர்க்கரை இல்லை என்று சத்தம் போட அவர் வாயைத் திறந்தார். “வணக்கம் நேயர்களே! இன்னைக்கு வெயில் கொஞ்சம் செல்லம் கொஞ்சுது” என்றது வாய். மனைவி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் எல்லாம் எழுத்தில்தான். சர்க்கரை, குடை எங்கே, தலைவலி என்று ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி நீட்டுவார். கேட்டுக்கு வெளியே போனால் வழக்கம்போலப் பேசினார்.

இந்த நேரத்தில்தான் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மகள் தினமும் காலையில் தன் திரையைப் பார்த்து, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று சொல்வாள். முதல் மூன்று நாள் ஒன்று. அதன் பிறகு இருபத்தெட்டு, நூற்றுப்பத்து, இருநூற்று எண்பது. அவள் குரலில் சந்தோஷம் கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் இவர் ஓட்டையான பழைய பூவாளியைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள், “ஐயோ, ஒருத்தர் போயிட்டாரே. என் பேச்சுல ஏதாவது தப்பா?” என்று வீடு முழுக்க அவள் வருத்தப்பட்டாள். பல்செட்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி, வண்டியை நிறுத்தி, பூவாளியை மீட்டுக்கொண்டு வந்தார். ஓட்டையைப் பல் ஒட்டுகிற பசையால் அடைத்தார். “வந்துட்டாரு!” என்றாள் மகள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எந்தச் சாமானும் வெளியே போகவில்லை. காது உடைந்த கப், கால் ஆடும் ஸ்டூல், ஒற்றைச் செருப்பு எல்லாம் பழுதுபார்க்கப்பட்டன. போகாதது மட்டுமில்லை, வரவும் தொடங்கின. சனிக்கிழமை ஒரு டஜன் ஸ்பூனோடு வந்தார். “ஏற்கெனவே இருபது கெடக்கே, கல்யாண மண்டபமா நடத்துறோம்?” என்று மனைவி கேட்டார். ‘தேவை’ என்று எழுதி நீட்டினார். மறுநாள் காலை மகள் துள்ளிக் குதித்தாள்.

“இன்னைக்குப் புதுசா பன்னிரண்டு பேர், மொத்தமா! யாருப்பா நீங்க?”

யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் இடம் கேட்பவர்கூட ‘கொஞ்சம் நகருப்பா’ என்பார். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் கையிலிருந்த மெழுகு உருகி மேசையில் வழிகிற வரைக்கும் அந்த ‘ப்பா’ என்ற இரண்டு எழுத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் ஆறு பூந்தொட்டி வாங்கினார். எதிர்வீட்டார் காலி செய்தபோது அவர்கள் விட்டுப்போன துணி மாட்டும் கொக்கிகளையெல்லாம் கேட்டு வாங்கி வந்தார். இப்படியாக எண்ணிக்கை முந்நூற்றுப் பதினொன்றைத் தொட்டது. அந்தப் பதினொன்றில் அவருடைய பற்களும் அடக்கம்.

இரண்டு வருடம் இது இப்படியே போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை மகளின் குரலில் துள்ளல் இல்லை.

“முந்நூத்திப் பதினோரு பேர் கேக்குறீங்க. இத்தனை நாள்ல ஒருத்தர்கூட வாயத் திறந்து இது வேணும்னு கேக்கலை. சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். ஒரே ஒரு விருப்பம் வந்தாலும் போதும். இல்லைன்னா கடையை மூடிட்டு, கடல் தாண்டி ஒரு வேலை வந்திருக்கு, போயிடுறேன்.”

வாளியும் ஸ்பூனும் என்ன கேட்கும்? அம்மா அன்றே தபால் நிலையத்திலிருந்து அவளுக்குப் போன் செய்து, ஒரு பாட்டுக் கேட்டார். “நீ கேட்டா சேராதும்மா” என்று சொல்லிவிட்டாள் மகள். “உலகத்துல எந்த அம்மாவுமே கேப்பாங்க.”

பல்செட்காரர் செவ்வாயும் புதனும் கைபேசியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். வெளியே பேச்சு வரும், அது சிக்கல் இல்லை. ஆனால் முப்பது மீட்டரைத் தாண்டியதும் அவள் குரல் நின்றுவிடும். குரல் நின்றதும் பழைய வீம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளே கூப்பிடட்டுமே என்று தோன்றும். இரண்டு நாளும் பிளாஸ்டர் கடைக்காரரோடு பிளாஸ்டரின் தரம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். கேட்டுக்குள் கால் வைத்ததும் முந்நூற்றுப் பதினோரு வாயில் அவள் பேச, வீம்பு எங்கே போனதென்றே தெரியாது.

ஆக, பேசுவதென்றால் வீட்டுக்குள்ளிருந்துதான் பேச வேண்டும். வீட்டுக்குள் பேசுவதென்றால் பல்லைக் கழற்றியாக வேண்டும். வியாழக்கிழமை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒரு ஆர்டர் சீட்டின் பின்னால் எழுதினார். ‘தப்பு என்னுடையது. சத்தம் போட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடு.’ தொழில்காரர் என்பதால் படிக்கும்போதே தெரிந்தது: இதில் பல் இல்லாமல் தேறுகிற வார்த்தை ஒன்றுதான். எல்லாம் தகரமும் சகரமும். அவற்றை அடித்தார். வேறு எழுதினார், அதையும் அடித்தார். ஏழு சீட்டு வீணான பிறகு, உதடும் தொண்டையும் ஈறும் மட்டுமே போதும் என்கிற நாலைந்து வார்த்தை மிஞ்சியது. அவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு மனைவி தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அன்று விடுப்பு போட்டிருந்தார். ஹாலில் பல்செட்காரர் எண்ணை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்தாள். பழக்கதோஷத்தில் பல்லோடே வாயைத் திறந்துவிட்டார். நாற்பது நொடிக்கு முன்னால் அவள் சொன்னது அவர் வாயிலிருந்து வெளியே வந்தது.

“யாருங்க அது, என் குரலையே எனக்குத் திருப்பி அனுப்புறது? விளையாடாதீங்க. கடைசி நாளு.”

அவர் தண்ணீர் டம்ளரை இழுத்து வைத்தார். முப்பத்து மூன்று வருடத்தில் முதன்முறையாக, நடு ஹாலில், ஜன்னலெல்லாம் திறந்திருக்க, இரண்டு கையாலும் பற்களைக் கழற்றி டம்ளரில் போட்டார். அவை தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் குமிழாக அவள் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தன. எதிர்க் கண்ணாடியில் கன்னம் ஒட்டிய ஒரு கிழவர் தெரிந்தார். இதற்குத்தானா இத்தனை ஒளித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

“திரையில முந்நூத்திப் பன்னிரண்டு காட்டுதே” என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது. “மூச்சு விடுறது கேக்குது. பயப்படாம சொல்லுங்க, என்ன வேணும்? யாருப்பா?”

தோட்டத்தில் அம்மா கொடியில் ஒரு போர்வையை உதறிப் போட்டு, கிளிப்பை எடுக்கக் கை நீட்டினார். கிளிப் அவர் விரல்களுக்கிடையில் பேசியது. பிறகு வாளி, பூவாளி, ஆறு பூந்தொட்டி, சமையல்கட்டில் முப்பத்திரண்டு ஸ்பூன் எல்லாம் சேர்ந்து அதையே பேசின. மகளின் குரலில் இல்லை. ஈறும் உதடும் மட்டும் சேர்ந்து செய்த, கொஞ்சம் கொழகொழத்த, அந்த வீட்டுக்குள் இரண்டு வருடமாகக் கேட்காத குரல்.

“அப்பா. அப்பா கூப்பிடுறேன். வா. வீட்டுக்கு வா.”