மூன்று காலில் பஞ்சு

பஞ்சு என்று பேர் வைத்தது மாஸ்டரின் மனைவி. வீட்டுக்கு வந்த அன்று அது இரண்டு கைக்குள் அடங்குகிற வெள்ளைக் குட்டி. பிறகு கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்து, கதவைத் திறந்தால் வந்தவரைத் தள்ளிவிட்டு வாலாட்டுகிற நாயாகிவிட்டது. பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளச்சை மெதுவா விடுங்க, மெதுவா" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புவார். வீட்டில் பேச ஆள் கிடையாது. மகளுக்குப் பிரசவம் பார்க்க வேறு நாட்டுக்குப் போன மனைவி, குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், தவழட்டும் என்றாள். இப்போது குழந்தை ஓடுகிறது. சண்டை ஒன்றுமில்லை. அங்கே அவள் தேவைப்பட்டாள். இங்கே வா என்று யாரும் அழுத்திக் கூப்பிடவில்லை. வீடியோவில் பேசும்போது, "பஞ்சு எங்க, காட்டுங்க" என்பாள். மாஸ்டர் போனைத் திருப்பிப் பிடிப்பார். பேச்சு முடிகிறவரை அவள் பார்ப்பது நாயின் மூக்கைத்தான்.

பஞ்சு பின்னங்காலை நொண்ட ஆரம்பித்தபோது சுளுக்கு என்றுதான் நினைத்தார். வீக்கம் கல் மாதிரி இறுகின பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்காலுக்கு மேலே எலும்பு, செல்லரித்த மரம் மாதிரி இருந்தது.

"கேன்சர். காலை எடுத்துட்டா வலி போயிடும். எவ்வளவு காலம் இருக்கும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

"காலை எடுத்துட்டா எப்படி டாக்டர் நடக்கும்?"

"மூணு கால்ல நடக்கும். கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான். முதல்ல தூக்கிவிட ஆள் வேணும். வீட்ல யார் இருக்கீங்க?"

"நான் இருக்கேன்."

"உங்களைத் தவிர?"

மாஸ்டர் பஞ்சுவின் காதை நீவிவிட்டார். "நான் மட்டும்தான்."

அன்று சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டார். போனைத் திருப்பாமல், தன் முகத்தைக் காட்டியபடியே விஷயத்தைச் சொன்னார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வரணுமாங்க?"

வா என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "எதுக்கு? குழந்தையை விட்டுட்டு நீ எப்படி வருவே? நான் பாத்துக்கறேன்."

"மாடிப்படி இருக்கே, உங்களால தூக்க முடியுமா?"

"பஞ்சுதானே."

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். வருகிறேன் என்ற பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

ஆபரேஷன் நடந்த அன்று கிளினிக்கில் உட்கார விடமாட்டோம் என்றுவிட்டார்கள். மாஸ்டர் வழக்கம்போல் வேலைக்குப் போனார். திரும்பவேண்டிய இடத்தில் நேராகப் போகச் சொன்னார். பச்சை விழுந்தும் நிறுத்தச் சொன்னார். மதியத்துக்கு மேல் டாக்டரம்மா போன் பண்ணி, "முடிஞ்சுது, நல்லா இருக்கு, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க" என்றபோது, எதிரே இருந்த சுவரைப் பார்த்து "தேங்க்ஸ்ங்க" என்றார்.

மறுநாள் பஞ்சுவைக் கூட்டிவரவேண்டிய நேரத்தில் மருந்துக்கடை அம்மாவுக்குப் பாடம். லைசென்ஸ் கைக்கு வந்தும், ரோட்டைப் பார்த்தால் உதறுகிறது என்று இன்னும் பயிற்சிக்கு வருகிறவர். மாஸ்டர் தயங்கித் தயங்கி, "பாடத்தை நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்டுக் காரணத்தையும் சொன்னார்.

"நாளைக்கு எதுக்கு? கிளினிக்குக்கே போவோம். நான் ஓட்டறேன்."

பஞ்சுவின் ஒரு பக்கம் முழுக்கச் சிரைத்திருந்தார்கள். ரோமத்துக்கு அடியில் அப்படியொரு ரோஜா நிறத் தோல் இருப்பது மாஸ்டருக்கு அன்றுதான் தெரியும். நீளமாகத் தையல். கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி பிளாஸ்டிக். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது. இல்லாத காலை ஊன்றிச் சரிந்தது. மாஸ்டர் சட்டென்று கீழே உட்கார்ந்து அதைத் தாங்கிக்கொண்டார்.

"நீங்க பின்னாடி உக்காருங்க மாஸ்டர், அதோட தலையைப் பிடிச்சுக்கங்க" என்றார் மருந்துக்கடை அம்மா.

"எனக்கு முன் சீட்லதானே பிரேக் இருக்கு?"

"எனக்கும் ஒரு பிரேக் இருக்குல்ல?"

இத்தனை வருஷத்தில் காலடியில் பிரேக் இல்லாமல் அந்தக் காரில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கால் வெறும் தரையை அழுத்தியது. அந்த அம்மா ஹாரன்கூட அடிக்காமல், மேடு பள்ளத்தில் முட்டையை வைத்து ஓட்டுகிற மாதிரி ஓட்டி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மாடிவரை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியும் விட்டார். அதோடு அந்த அம்மாவுக்குப் பயம் தெளிந்துவிட்டது. பிறகு பயிற்சிக்கு வரவே இல்லை.

மாஸ்டர் லீவு போட்டார். தரை வழுக்கக்கூடாது என்று, ஸ்கூலில் கழித்துப்போட்ட கார் மேட்டுகளை வாங்கிவந்து, படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை விரித்தார். அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, "மெதுவா, மெதுவா, அவசரமில்ல" என்பார். பஞ்சு இரண்டடி வைக்கும், அப்படியே உட்கார்ந்துவிடும். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும். மாத்திரை மயக்கத்தில் முனகும். அவரும் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அது சாப்பிடாதபோது அவருக்கும் இறங்கவில்லை.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "எந்திரிடா! யாருக்காகடா நான் இங்க கிடந்து சாகறேன்?" என்று கத்தினார். பஞ்சு புனலுக்குள் தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றைக்கு மனைவி கூப்பிட்டபோது, "நல்லா இருக்கு, தூங்குது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தையல் பிரிப்பதற்கு முந்தின நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பால்கனியில் ஏதோ இடிபடுகிற சத்தம். சோப்புக் கையோடு ஓடினார். கம்பிக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பூனை. கம்பிக்கு இந்தப் பக்கம் பஞ்சு. துண்டு இல்லை, தாங்க ஆள் இல்லை. மிச்சமிருந்த பின்னங்காலை நடுவயிற்றுக்கு நேராக நகர்த்தி ஊன்றி, உடம்பெல்லாம் நடுங்க நின்று, புனல் கம்பியில் இடிக்க இடிக்கக் குரைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா! பாத்தியா இதை!" என்று மாஸ்டர் திரும்பினார்.

பின்னால் காலியான ஹால். டிவிகூட ஓடவில்லை. தூக்கிய கையிலிருந்து சோப்புத் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.  பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

பஞ்சு நடப்பதைப் பார்த்து அவள் குழந்தை மாதிரி கை தட்டினாள். "எப்படி குதிக்குது பாருங்க! கஷ்டமே இல்லாத மாதிரி!"

"அதுக்குக் கஷ்டமில்ல. எனக்குத்தான்" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. "நீ இல்லாம கஷ்டமா இருக்கு. அன்னைக்கே வான்னு சொல்லியிருக்கணும்."

 அந்தப் பக்கம் எங்கோ குழந்தை அழுதது. மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள்.

"போனை வைக்காதீங்க" என்று தன் போனை மல்லாத்தி வைத்துவிட்டு மனைவி எழுந்து போனாள். போனில் அந்த வீட்டின் விட்டமும், சுற்றாத மின்விசிறியும் தெரிந்தன. மாஸ்டர் போனைப் பிடித்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டு, அவள் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார்.