நம்ம காசா, இந்த ஊர்க் காசா?

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டீ குடிப்பதற்காக நான் இரண்டு பஸ் நிறுத்தம் தூரம் நடப்பேன். அறையிலேயே கெட்டில் இருக்கிறது, டீத்தூள் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. ஆனால் அறையில் போடும் டீக்குக் கார்டு தேய்க்க முடியாதே.

அந்தக் கார்டு என் அக்காவுடையது. நான் வேலையில்லாமல் சும்மா சுற்றிய காலத்தில், தன் கணக்கிலேயே கூடுதலாக ஒரு கார்டு எனக்கும் வாங்கிக் கொடுத்தாள். எதை வாங்கினாலும் அடுத்த நிமிடம் அவள் போனுக்குச் செய்தி போகும்: இந்தக் கடை, இவ்வளவு காசு. அப்போது அது எனக்கு ஒரே எரிச்சல். ஒரு சோப்பு வாங்கினால்கூட, "ஏன்டா, போன வாரம்தானே வாங்கினே, தின்னுட்டியா?" என்று கூப்பிட்டுக் கேட்பாள்.

இப்போது ஏழு மாதமாக அவள் என்னோடு பேசுவதில்லை. தப்பு என்னுடையதுதான், பூசி மெழுக மாட்டேன். அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். கூட இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சரியாக அதற்கு முந்தின நாள் பார்த்து, இங்கே வெளிநாட்டில் ஏசி பொருத்தும் வேலைக்கு டிக்கெட் வந்தது. இதை விட்டால் அவ்வளவுதான் என்றான் ஏஜெண்ட். விமான நிலையத்திலிருந்துதான் அவளிடம் சொன்னேன். "நல்லா இரு," என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்கு என்னையும் எனக்கு அவளையும் விட்டால் வேறு நாதி கிடையாது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் எதிர்வீட்டு டெய்லர்.

கூப்பிட்டால் எடுப்பதில்லை. மன்னிச்சுக்கோ என்று செய்தி அனுப்பினால் பதில் இல்லை. மிச்சம் இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு டீ. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்கு ஒரு தகவல். மாதக் கடைசியில் அந்தப் பணத்தை அவள் கணக்கில் போட்டுவிடுவேன்.

டீக்கடை மெஷினில் கார்டைச் செருகினால் அது ஒரு கேள்வி கேட்கும். உன் நாட்டுக் காசில் கட்டுகிறாயா, இந்த ஊர்க் காசில் கட்டுகிறாயா? நான் எப்போதும் நம் காசையே அமுக்குவேன். அக்காவின் போனில் முன்பின் தெரியாத காசின் பெயர் வந்து நிற்க வேண்டாம், பார்த்ததும் புரியட்டும் என்றுதான்.

என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் ஒரு நாள் கூடவே வந்தான். நான் அமுக்கியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? நம்ம காசை அமுக்கினா, மெஷின்காரன் வச்சதுதான் ரேட்டு. நூத்துக்கு ஆறு, ஏழுன்னு மேல புடுங்கிடுவான். இந்த ஊர்க் காசை அமுக்குங்க, நம்ம பேங்க்கே மாத்திக்கும். அதுல அவ்வளவு போகாது."

"தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சேவா?"

அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? வேலை முடிந்து வந்தால் அவனுக்கு மனைவி, மாமியார், மச்சான் என்று வரிசையாகப் போன் வரும். எனக்கு வருவதெல்லாம் ரீசார்ஜ் செய்யச் சொல்லும் குரல்தான்.

போன சனிக்கிழமை மெஷின் கார்டை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி செருகினேன். அனுமதி இல்லை என்றது. கடைக்காரப் பெண் எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். பையிலிருந்த சில்லறையைக் கொடுத்துவிட்டு மூலை மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன்.

அக்கா என்னைக் கை கழுவிவிட்டாள். சுற்றிலும் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே செத்து விழுந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்றுகூட அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நாற்பத்து நான்கு வயசு ஆம்பளை, டீக்கடையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. போன் அடித்தது. அக்கா.

"உசுரோடதான் இருக்கியா?"

"அக்கா..."

"இருக்கியா இல்லியா, அதை முதல்ல சொல்லு."

"இருக்கேன்க்கா. கார்டு வேலை செய்யல."

"எப்படிச் செய்யும்? நான்தான் நேத்து பேங்குக்குப் போய் நிறுத்தச் சொன்னேன்."

"ஏன்க்கா?"

"ஏனா? இருபத்தாறு வருஷம் கூட்டுறவுக் கடையில கல்லாவுல உக்காந்தவடா நான். ஏழு மாசமா ஒரு டீக்கு நம்ம காசை அமுக்கி அமுக்கி, கண்டவனுக்குத் தண்டம் அழுவுறே. பாத்துப் பாத்து வயிறு எரியுது. பேசக்கூடாதுன்னு இருக்கிறவ வாயைத் தொறந்து எப்படிச் சொல்றது? அதான் நிறுத்திட்டேன்."

"உனக்குப் புரியணுமேன்னுதான்..."

"எனக்கா புரியாது? நான் துணி மடிக்கிற நேரத்துக்குத்தான் உன் டீ வரும். இன்னிக்கு வரல. நிறுத்தினதே நான்தான், அது மண்டையில இருக்கு. இருந்தாலும் மடிச்ச துணியையே திரும்பத் திரும்ப மடிச்சுக்கிட்டு, போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"கால் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் துணியை உதறி வைக்கும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு எத்தனை அனுப்பினே. எல்லாத்தையும் படிச்சேன். கால் எப்படி இருக்குன்னு ஒண்ணுலயாவது கேட்டியா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டிருக்கவில்லை. ஒன்றில்கூட.

"சொல்லுக்கா," என்றேன்.

"மடக்க வரல," என்று ஆரம்பித்தாள். மாடிப்படி ஏற முடியாமல் வீட்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டது, முதல் மாதம் முழுக்கக் கழிப்பறைக்குப் போக டெய்லர் மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கூசிப்போனது, வலி தாங்காமல் ஒரு நாள் என் பேரைச் சொல்லிக் கத்தியது, எல்லாவற்றையும் சொன்னாள். அவள் முடிக்கும்வரை நான் ஒரு தடவைகூட மன்னிச்சுக்கோ என்று சொல்லவில்லை.