சுவருக்கு இந்தப் பக்கம்

குளியலறையில் தண்ணீர் போகும் துளைக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்தபோது முடிக்கற்றை ஒன்று வந்தது. சோப்பும் அழுக்கும் ஊறிச் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. இழுக்க இழுக்க முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. பெயிண்டரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை வாளியில் போட்டாள். காலி செய்துகொண்டு போனவர்கள் மூன்று வருடம் குடியிருந்தவர்கள்.

"எத்தனை தலை குளிச்சிருக்கும் இங்க. ஒருத்தராவது ஒரு நாள் குனிஞ்சு பாத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

சமையலறையில் பெயிண்டர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணி கட்டியிருந்தான். சுவர் இடுப்பு உயரத்துக்கு மேல் உப்பிப்போய் நின்றது. தகட்டை வைத்து அழுத்தினால் பூச்சு பெயர்ந்து ஈரக் கட்டியாகக் காலடியில் விழுந்தது. செங்கல்லுக்கு நடுவிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தது. அது குடிதண்ணீர்க் குழாயின் தண்ணீர் இல்லை என்பதைத் துணியைத் தாண்டி மூக்கே சொல்லிவிட்டது.

வாசற்படியில் நின்றபடி ஓனர் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். வீடு காலியானால் தினமும் வருவார், ஆனால் வேலை முடியும்வரை உள்ளே வரமாட்டார். கீழே நான்கு, மேலே இரண்டு என்று ஒரே கட்டடத்தில் ஆறு வாடகை வீடுகள் அவருக்கு. ஒரு வீட்டில் கழற்றிய குழாய் இன்னொரு வீட்டில் புதுசாக மாட்டப்படும். மூன்றாம் வீட்டுக் கழிப்பறை இருக்கையை நேற்றுதான் பெயிண்டரின் மனைவி ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கொடுத்திருந்தாள். இன்று அது இந்த வீட்டில் பளபளத்தது.

"சும்மா டச்சப் வேலைதாம்ப்பா. இழுத்துக்கிட்டே போகாத. ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வராங்க," என்றார் ஓனர்.

அவர் அகராதியில் எல்லாமே டச்சப்தான். கதவு பெயர்ந்து கையோடு வந்தாலும் டச்சப்.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது பெயிண்டரின் குடும்பம் இருக்கும் அறை. கட்டடத்தில் வாடகை வாங்காத அறை அது ஒன்றுதான். அதற்குப் பதிலாக எந்த வீடு காலியானாலும் அவன் வெள்ளையடிக்க வேண்டும், அவள் கழுவித் துடைக்க வேண்டும். நான்கு வயது மகளுக்கு இழுப்பு. ஈரமில்லாத அறையாகப் பார்த்துக் குடிபோங்கள், அதுதான் முதல் மருந்து என்று டாக்டர் சொல்லி, ஒரே வருடத்தில் மூன்று வீடு மாறிக் கடைசியில் கிடைத்த இடம். ஆள் நிமிர்ந்து நடந்தால் மின்விசிறி தலையில் இடிக்கும். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை. ஆனாலும் சுவர் நாலும் காய்ந்து மொரமொரவென்று இருந்தன. குடிவந்த எட்டு மாதத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை.

மத்தியானம் பிளம்பர் வந்தார். மேல் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி, சுவரில் காதை வைத்துத் தட்டினார்.

"மேல கக்கூஸ் பைப் ஜாயிண்ட் போயிடுச்சு. தரைய உடைச்சு மாத்தணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாள் மேல இருக்கறவன் எங்க போவான்? உன் வீட்டுக்கா வருவான்? காலி பண்ணிட்டுப் போயிடுவான்யா," என்றார் ஓனர்.

"அதுக்கு நான் என்ன சார் பண்றது? சுவத்துக்குள்ள ஓடறது பன்னீரில்ல."

பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஓனர் ஒரு டப்பாவோடு வந்தார். தண்ணீர் கசியாமல் தடுக்கும் கெமிக்கல் பூச்சு, நல்ல கம்பெனிச் சரக்கு. அதைப் பெயிண்டரின் கையில் கொடுக்காமல் ஜன்னல் திண்டில் வைத்தார்.

"செங்கல் தெரியச் சுரண்டிட்டு ரெண்டு கோட் அடி. ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது."

பெயிண்டர் துணியை அவிழ்த்தான். "சார், தண்ணி நின்னாத்தான சார் இது வேலைக்கு ஆகும். மேல இருந்து வந்துக்கிட்டே இருக்கு. இந்தப் பக்கம் அடைச்சா அந்தப் பக்கம் போகும்."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"நாங்கதான் சார்."

"அப்ப என்ன, நம்ம ஆளுங்கதான," என்றார் ஓனர். நிஜமாகவே நிம்மதியானவர் போல இருந்தது அவர் முகம்.

"பாதி டப்பா மிஞ்சும் சார். எங்க பக்கமும் ஒரு கோட் அடிச்சுக்கறேன்."

"உங்க பக்கம் காஞ்சுதான கிடக்கு. காஞ்ச சுவத்துக்கு எதுக்குப்பா மருந்து? மிச்சம் ரெண்டாம் வீட்டு மாடிக்கு வேணும்."

பெயிண்டர் இரண்டு நாள் செங்கல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். பெரிய பல்பைச் சுவரோரம் வைத்து ஒரு நாள் முழுக்கக் காய விட்டான். பிறகு முதல் பூச்சைக் குறுக்கு வாட்டத்தில் இழுத்தான். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சை நெடுக்கு வாட்டத்தில் இழுத்தான். அவன் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பூச்சு முடிந்ததும் டார்ச்சைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்து அடிப்பான். அப்படி அடித்தால் ஊசி முனை அளவுத் துளையும் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சுவரில் ஏழு துளைகள் தென்பட்டன. எல்லாம் தரையை ஒட்டிய மூலையில்.

அவன் மனைவி துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்றாள். "என்ன பாக்கறீங்க?"

"ஓட்டை."

"விட்டுடுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஏழுதான இருக்கு. தண்ணி இப்படியே வெளிய போகட்டும். குடிவரவங்க வைக்கற அலமாரி மறைச்சுடும், யாருக்கும் தெரியாது. விட்டுடுங்க," என்றாள் குரலைத் தாழ்த்தி.

அவள் பக்கெட் தண்ணீரைக் கொட்ட வெளியே போனாள். பெயிண்டர் டார்ச்சை அணைத்தான். மறுபடி போட்டான். இருபது வருடமாக அவன் கை துளை கண்ட சுவரை விட்டுவிட்டுப் போனதில்லை. அடைக்காமல் விட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் அவனும் நினைத்தான். பிரஷ் டப்பாவிலேயே இருந்தது, நுனி இன்னும் ஈரமாக இருந்தது. அவள் திரும்பி வந்தபோது ஏழையும் அடைத்துவிட்டு எட்டாவது இருக்கிறதா என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.

"உங்க கையக் கொண்டு போய் அடுப்புல வைக்க," என்றாள் அவள். அதற்கு மேல் அன்று அவனோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் புதுசாகக் கல்யாணமான ஜோடி. ஓனர் முன்னாடியே வந்து நான்கு மூலையிலும் சென்ட் ஸ்பிரே அடித்திருந்தார். மல்லிகை வாசனையும் ஆசிட் நெடியும் கலந்து வீடெங்கும் அடித்தது. அந்தப் பெண் மட்டும் சமையலறைச் சுவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"தொட்டுப் பாருங்கம்மா. நல்லா உள்ளங்கைய வச்சுப் பாருங்க," என்றார் ஓனர்.

அவள் தொட்டாள். சுவர் காய்ந்திருந்தது, வழவழப்பாகவும் இருந்தது.

"நல்ல வேலை," என்றாள் பெயிண்டரைப் பார்த்து.

பெயிண்டர் தலையசைத்தான். அந்தப் புகழ்ச்சி காதில் விழுந்தபோது சந்தோஷமாக இருந்தது. அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

பூச்சு முடிந்து ஒன்பதாம் நாள் பெயிண்டர் குடும்பத்தின் அறைச் சுவரில், கட்டிலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை வந்தது. பதினைந்தாம் நாள் அது ஆள் உயரம். மேல் வீட்டுக்காரர் காலையில் ஆறு மணிக்கு எழுந்திருப்பார் என்பது அந்தச் சுவரைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்துபோனது. ஆறேகாலுக்குக் கறை பளபளக்கத் தொடங்கும். அவருக்கு வயிறு சரியில்லாத நாளும் தெரிந்தது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது, பின்னாலேயே கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. தலையணை நாறியது. உலர்த்தி மடித்து வைத்த துணி நாறியது. வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்க்குள்ளும் அந்த நாற்றம் இருப்பது போலவே இருந்தது. பெயிண்டரின் மனைவி சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் போய் உட்கார்ந்து தின்றாள்.

"மனுஷன் பீய முகத்துக்கு நேர வச்சுக்கிட்டுத் தூங்கறோம். நம்ம கையாலயே திருப்பி விட்டுக்கிட்டோம்," என்றாள் ஒரு நாள்.

அவன் சுவரைத் துடைத்த துணியைப் பிழிந்தான். தண்ணீர் பழுப்பாக விழுந்தது.

பதினெட்டாம் நாள் மகளுக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி மாட்டிப் புகை மருந்து பிடிக்க வைத்தார்கள். டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டுல ஈரம் இருக்கா?" என்றுதான். பெயிண்டரின் மனைவி புருஷனைப் பார்த்தாள். புருஷன் டாக்டரின் மேஜையைப் பார்த்தான்.

அதன் பிறகு ஓனருக்கு மூன்று தடவை போன் செய்தார்கள். நான்காம் நாள் வந்தார். கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். கட்டிலையும் கொடியில் தொங்கிய துணியையும் அடுப்பையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சுவரைப் பார்த்தார்.

"என்னப்பா, அடிச்ச சுவத்த இப்படி நாசம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"கசிவு சார். அந்தப் பக்கம் அடைச்சது இந்தப் பக்கம் வருது," என்றான் பெயிண்டர்.

"கசிவா? பக்கத்து வீட்டுல அதே சுவரு எப்படி இருக்குன்னு போய்ப் பாரு. ஒரு பொட்டு ஈரம் கிடையாது. நீதான அடிச்ச? உன் வேலைய நீயே குறை சொல்றியா?"

பெயிண்டர் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"இது வேர்வைப்பா," என்றார் ஓனர், புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல. "இத்தனூண்டு ரூம்ல மூணு பேர் ராப்பகலா மூச்சு விடறீங்க. அந்த ஆவி எங்க போகும்? சுவத்துலதான் படியும்."

"எம்பொண்ணு மூச்சு விட முடியாமதான் சார் உக்காந்திருக்கா," என்றாள் பெயிண்டரின் மனைவி.

கட்டிலில் குழந்தை இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறியது, கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. ஓனர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதத்தாம்மா சொல்றேன். எவ்வளவு வேகமா விடுது பாருங்க. காத்து பூராவும் நேரா சுவத்துலதான் போய் அடிக்குது. கட்டில நகத்திப் போடுங்க, இல்லேன்னா பூச்சு மொத்தமா போயிடும்."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. நகர்த்துகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார். பெயிண்டர் குனிந்து கட்டிலின் கால்பக்கத்தைப் பிடித்து இழுத்தான். குழந்தை இறங்கவில்லை. இறங்கத் தெம்பில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே, அப்பா இழுக்க இழுக்கச் சுவரை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள்.