மேசைக்கு அடியில் இருந்த சாட்சி

சலவைக்கூடத்து மேனேஜர் போனில் சொன்னது ஒரே வரிதான்.

"பெட்டி ரிப்பேர். வந்து கழட்டிட்டுப் போயிடு."

கேமராக்காரர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு "சரிங்க சார்" என்றார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. இருபது வருடத் தொழிலில் அவர் கற்றுக்கொண்ட மரியாதை அது. கேமராவுக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று அவருக்குத் தெரியும். கிடங்கில் மூட்டை சரிந்து ஒருவரின் கால் போன மறுநாள் வந்தது. குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பிள்ளையின் கன்னம் வீங்கிய மறுநாளும் வந்தது. வருடம் முழுக்க ஒழுங்காக ஓடுகிற பதிவுப் பெட்டி, அதைத் திறந்து பார்க்க வேண்டிய நாளில் மட்டும் படுத்துக்கொள்ளும். கேட்கிறவர்களிடம் காட்ட, 'ஹார்ட் டிஸ்க் பழுது' என்று ஒரு சர்வீஸ் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற புண்ணியவான் இவர்தான்.

சலவைக்கூடத்து வாசலில் ஒரு பெண் பிளாஸ்டிக் பையோடு நின்றிருந்தாள். பைக்குள் ஒரு சாப்பாட்டு டப்பாவும் ஒற்றைச் செருப்பும் தெரிந்தன.

"அண்ணே, நீங்கதானே கேமரா பாக்குறவரு? நான் மடிப்பக்காவோட தங்கச்சி."

மடிப்பக்காவை அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாக அங்கே, ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறவள். போன மாதம் இவர் கேமரா மாட்ட ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். "பாத்து அண்ணே, விழுந்தா உங்களை மடிச்சு வைக்க எனக்குத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தவள்.

"நேத்து தேய்ப்பு மெஷின்ல அக்கா கை மாட்டிக்கிச்சு. மூணு விரலை எடுத்துட்டாங்க. அக்கா போன் பேசிக்கிட்டே வேலை பாத்துச்சாம், அதனாலதான் மாட்டிக்கிச்சாம், மேனேஜர் சொல்றாரு. போனைத்தான் வாசல்லயே வாங்கி வச்சுக்குறாங்களேண்ணே! நாளைக்குத் தொழிலாளர் துறை ஆபீசர் விசாரிக்க வர்றாரு. அக்கா மேலதான் தப்புன்னு எழுதிட்டா வைத்தியச் செலவும் கிடைக்காது, வேலையும் போயிடும். கேமரால எல்லாம் இருக்கும்ல?"

கேமராக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார். "கேமரா ரிப்பேர்மா" என்றார். இத்தனைக்கும் அவர் இன்னும் உள்ளே காலே வைக்கவில்லை.

உள்ளே தேய்ப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே வேறொரு பெண் விரிப்பைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உருளையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்த தகடு மெஷின் மேலேயே கிடந்தது. அதைக் கழுவக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பழுப்புக் கறை படிந்த ஒரு விரிப்பை மறுபடி துவைக்கிற கூடையில் போட்டிருந்தார்கள். நாளைக்கு அதில் எந்த நோயாளி படுப்பாரோ. சோப்பு வாசனைக்கு அடியில் கருகிய வாடை இன்னும் போகவில்லை. கேமராக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார்.

மேனேஜர் டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சாவியால் காதைக் குடைந்து, அதே கையால் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

"வாய்யா. நேத்துலேர்ந்து ஒரே அலப்பறை. மூணு விரல்தானே போச்சு? மிச்சம் ரெண்டு இருக்குல்ல, விரிப்பு மடிக்க அது போதாதா?"

கேமராக்காரர் சிரித்தார். சிரிப்பு வந்து சிரிக்கவில்லை. மேனேஜர் சொன்னால் சிரிப்பது என்று முகத்துக்குப் பழகிப்போயிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியைக் கழற்றினார். மூன்று நாளாகப் பதிவு இல்லை என்று சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"இன்னும் ரெண்டு கிளைக்குக் கேமரா போடணும். உனக்குத்தான்" என்றார் மேனேஜர். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஆமா, அந்தம்மா வெளிநாட்டுலேர்ந்து போன்ல பாக்குதே, அது? சரி, அது கடை திறந்தாச்சான்னு காலையில மட்டும் பாக்கும். நேத்து நடந்ததை எங்க பாக்கப்போகுது? அதான் பெட்டியே நம்ம கையில இருக்கே."

அந்தம்மா என்றது முதலாளியம்மாவை. போன மாதம் அவர் கேட்டுத்தான் கேமராக்காரர் ஒன்பது கேமராவையும் கிளவுட்டில் இணைத்திருந்தார். அன்றைக்குக் கேமராக்காரரே அவரிடம் போனில் அடுக்கினார்: "பெட்டியை நம்பி இருக்க வேண்டாங்கம்மா. கேமரா நேரா இன்டர்நெட் வழியா வெளியில இருக்கற சர்வருக்கு அனுப்பிடும். இங்க தீப்பிடிச்சாலும் சரி, திருடன் பெட்டியத் தூக்கிட்டுப் போனாலும் சரி, பதிவு போகாது. எந்த ஊர்ல இருந்தும் பாக்கலாம், ஒரு மாசம் வரைக்கும் பின்னாடி போய்ப் பாக்கலாம். யாராவது அழிச்சா அது யாருன்னும் காட்டிக்குடுத்துடும்." மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்திருந்தார். திருடன் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான் என்று அப்போது நினைக்கவில்லை. இதை இப்போது மேனேஜரிடம் சொல்லாமல், அழித்துவிட்டு வந்து சொன்னால் மதிப்பு இன்னும் ஏறும் என்று அவருக்குள் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையை நினைத்தால் பின்னாளில் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். கம்ப்யூட்டர் வேலை முழுக்க மனைவி கையில்.

"அந்தச் சலவைக்கூடத்துக் கேமராவைத் திற. நேத்து பகல் பதிவை அழிக்கணும்" என்றார்.

"எதுக்கு அழிக்கணும்? என்னன்னு பாத்துட்டு அழிக்கிறேன்" என்றாள் அவள்.

திரையில் காலை எட்டே முக்கால். மேனேஜர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மெஷினின் காப்புக் கம்பியைச் செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். கை பட்டதும் உருளையை நிறுத்துவதற்காகவே இருக்கிற கம்பி அது. அது அடிக்கடி மெஷினை நிறுத்தி வேலையைக் கெடுக்கிறது என்று மேனேஜர் முன்பே புலம்பியதுண்டு. பகல் இரண்டு பத்து. சுருண்ட விரிப்பை நேராக்கப்போன மடிப்பக்காவின் கை உள்ளே போனது. அவள் கையில் போனும் இல்லை, ஒன்றும் இல்லை. காப்புக் கம்பி அசையவில்லை. யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். அவள் தரையில் விழுந்தாள். மேனேஜர் ஓடிவந்தார். வந்தவர் குனியவில்லை. அவள் கால்களைத் தாண்டிப் போய், முதல் வேலையாகச் செம்புக் கம்பியை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "மனுஷனா இவன்?"

அவள் விரல் தவறி இன்றைய தேதியைத் தட்டியது. பெட்டியைக் கழற்றியும் கேமராக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மேனேஜர் அறை வந்தது. மேனேஜர் எதையோ சொல்ல, எதிரே நின்ற ஆள் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். பிறகு மேசைக்கு அடியில் நாய் மாதிரி நுழைந்தான். தன் முதுகு இவ்வளவு வளையும் என்று கேமராக்காரருக்கு இதுவரை தெரியாது.

"எதுக்குங்க இப்படிச் சிரிச்சீங்க?"

கேமராக்காரர் எழுந்து போய் முகம் கழுவினார். கழுவிக் கழுவிப் பார்த்தும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. பகல் சோறு இறங்கவில்லை. திரும்பி வந்தபோது மனைவி கேட்டாள், "அழிச்சிடவா?"

"வேண்டாம். காப்பி எடு. நான் சிரிச்சதையும் சேர்த்து எடு."

முதலாளியம்மாவுக்கு அனுப்பினார். பார்த்துவிட்டு அந்த அம்மாள் கூப்பிட்டார். "ஆபீசர்கிட்ட குடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அதிகாரி முன்னால் மேனேஜர் சர்வீஸ் சீட்டை நீட்டினார். "கேமரா ரிப்பேர் சார். இதோ, போட்ட ஆளே எழுதிக் குடுத்தது."

"நான் எழுதினது பொய் சார்" என்றார் வாசலில் நின்ற கேமராக்காரர். உள்ளே வந்து லேப்டாப்பை மேசைமேல் வைத்துத் திறந்தார்.

பதிவு ஓடி முடிந்தபோது மேனேஜரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது. "யோவ், உன் மூஞ்சியும்தான்யா இதுல இருக்கு! உன்னையும்தான் பிடிப்பாங்க!"

"பிடிக்கட்டும். அதைப் பாத்துத்தானே நேத்து எனக்குச் சோறு இறங்கல." கேமராக்காரர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், தப்புப் பண்றவன் மேசைக்கு அடியிலேயே சாட்சியை வச்சா அது சாட்சி இல்லை, அவன் வளர்க்கிற நாய். பதிவு அவன் கைக்கு எட்டாத இடத்துல இருக்கணும். இந்தப் பதிவு அப்படி இருந்துச்சு, அதனால தப்பிச்சுது. நான் அவர் கைக்கு எட்டுற இடத்துல இருந்தேன், என்னை ரெண்டு கிளை வேலைக்கு வாங்கிட்டாரு."

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் பெயரும் இதில் வரும் என்றார். "வரட்டும் சார்" என்றார் இவர்.

வாசலில் தங்கச்சி அதே பையோடு நின்றிருந்தாள். விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது. நன்றி சொல்வாள் என்று ஒரு நொடி எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"நேத்து கேமரா ரிப்பேர்னு சொன்னீங்களேண்ணே?"

"கேமரா நல்லாத்தான்மா இருந்துச்சு" என்றார் கேமராக்காரர், இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து. "கெட்டுப்போயிருந்தது நான்தான்."